உன்னால எங்க முடியும்

மதினி யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. பாராட்ட வேண்டிய நேரம் வந்துவிட்டால் அவள் கண் ஏதாவது ஒரு குறையைத் தேடிக்கொண்டு போய்விடும். நான் ஸ்கூட்டர் பழகி, இராஜபாளையம் மார்க்கெட் நெரிசலுக்குள் புகுந்து காய்கறி வாங்கிக்கொண்டு, விழாமல் கொள்ளாமல் அவள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்திய அன்று, என்னை ஒரு பார்வை பார்த்தாள், வண்டியை ஒரு பார்வை பார்த்தாள்.

“பின் டயர்ல காத்துக் கம்மியா இருக்கு” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு வண்டியை அவள் வாசற்படி மேலேயே ஏற்றியிருப்பேன். நான் அந்த வண்டியைத் தொட்டதே அவளால்தான்.

அப்போது எனக்குக் கல்யாணமாகி இராஜபாளையம் வந்த புதுசு. பிறந்து வளர்ந்தது சிமெண்ட் பாக்டரி இருக்கிற ஆலங்குளம். வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்தார். லீவு முடிந்து அவர் ரயிலேறிவிட்டால் அடுத்த லீவு வரைக்கும் நானும் வீடும்தான். பக்கத்து வீட்டில் புருசனும் பெண்சாதியும் மட்டும் இருந்தார்கள். மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அவர் எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தேன். அதனால் அந்த அம்மா எனக்கு மதினி. சொந்தம் என்று வேறு எதுவும் கிடையாது.

வீட்டுக்காரர் விட்டுவிட்டுப் போன ஸ்கூட்டர் சாக்கு போட்டு மூடிக் கிடந்தது. ஒரு நாள் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, “பழகலாம்னு இருக்கேன் மதினி” என்று வாயை விட்டுவிட்டேன்.

“உன்னால எங்க முடியும்?” என்றாள். “சிமெண்ட் பாக்டரி லாரிய வேடிக்கை பாத்தே வளந்த புள்ள நீ. உனக்கு வேடிக்கை பாக்கத்தான் வரும்.”

அன்றைக்கு முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் வண்டியை வெளியே எடுத்துவிட்டேன். முட்டியில் தோல் போனது, ஒரு பக்கத்துக் கண்ணாடி உடைந்தது, தெருவில் நாய்கள்கூட எனக்கு வழிவிட்டு ஒதுங்கின. நான் விடவில்லை. விழும்போதெல்லாம் அவள் மூஞ்சிதான் எனக்கு முன்னால் வந்தது.

உன்னால எங்க முடியும். அவளிடம் இருந்தது இந்த ஒரு வாக்கியம்தான். ஆளுக்குத் தகுந்த மாதிரி அதன் வால் மட்டும் மாறும். எங்கள் தெருவில் ஒருத்தி தையல் படித்தாள், ஒருத்தர் பீடியை விட்டார், ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்று மாடி கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் அடியில் மதினி எங்கோ ஒரு நாள் போகிற போக்கில் சொன்ன சொல் இருந்தது. அவர்கள் யாரும் அவளுக்கு நன்றி சொன்னதில்லை. திட்டிக்கொண்டேதான் முன்னுக்கு வந்தார்கள்.

அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. சாப்பிடுவதுகூட நின்றபடிதான். தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடப்பாள். நம் வீட்டுக்கு வந்து பேசிக்கொண்டிருக்கும்போதே கொடியில் கிடக்கிற நம் துணியை இழுத்து மடிக்க ஆரம்பித்துவிடுவாள். செத்த நேரம் அவளோடு இருந்தால் நமக்கும் கால் பரபரக்கும், ஏதோ வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்த மாதிரி இருக்கும். அவள் போன பிறகும் அது போகாது.

மதினி ஒரு பேண்டேஜ் கம்பெனியில் சூப்பர்வைசர். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற துணியை வெட்டி, மடித்து, சுருட்டி, கவரில் போட்டு அனுப்புகிற இடம். என்னையும் அவள்தான் அங்கே சேர்த்துவிட்டாள். சேர்த்துவிட்டாள் என்றால், ‘கம்பெனி வேலைக்கெல்லாம் உன் கை வளையாது’ என்றாள், நானாகப் போய் நின்றேன்.

ஒரு சாயங்காலம் வாசலில் லாரி வந்து நின்றுவிட்டது. பாதிப் பெட்டிகள் இன்னும் நிறையவில்லை. முதலாளி உள்ளே வந்து, “சீக்கிரம் முடிங்கம்மா, எல்லாருக்கும் பரோட்டா வாங்கித் தாரேன்” என்றார். எந்தக் கடைப் பரோட்டா என்று கேட்டார்களே தவிர ஒருத்தி கையும் வேகம் பிடிக்கவில்லை. மதினி எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. முதலாளியைப் பார்த்துத்தான் பேசினாள்.

“லாரிய அனுப்பிருங்க. இது இந்தக் கைகளுக்கு ஆகாது. தளவாய்புரத்துக் கம்பெனிப் பிள்ளைகன்னா இந்நேரம் முடிச்சிட்டு வீட்டுல போயிக் காப்பி குடிச்சிட்டிருக்கும்.”

அதற்குப் பிறகு அங்கே பேச்சே இல்லை. துணி உரசுகிற சத்தம் மட்டும்தான் கேட்டது. இருட்டுவதற்கு முன்னால் லாரி போய்விட்டது. மதினி தளவாய்புரத்தில் எந்தக் கம்பெனிக்குள்ளும் கால் வைத்ததில்லை என்று பிறகு தெரிந்தது. பரோட்டாவை விடாமல் வாங்கித் தின்றோம் என்பது வேறு விஷயம்.

கம்பெனியில் ஒரு நாள் கேட்டேவிட்டேன். “எதுக்கு மதினி எல்லாரையும் இப்படிக் குத்திக்கிட்டே இருக்கீங்க?”

“ஆச காட்டுனா மனுசன் செய்யமாட்டான் ஏட்டி. ஆச செத்த நேரத்துல ஆறிப்போகும், ரோசம் ஆறாது. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு எடத்துல இருக்கும். ஒருத்திக்குப் பொறந்த வீட்டச் சொல்லணும், ஒருத்திக்கு அவ நாத்தனாரச் சொல்லணும். எடம் தெரிஞ்சாப் போதும்.”

“எனக்கு எங்க இருக்கு?”

“உனக்கு ஒடம்பு பூராவும் அதான். எங்க தொட்டாலும் எந்திரிச்சிருவ.”

“உங்களுக்கு?”

“என்னய யாரு சொல்லப் போறா?” என்று சொல்லிவிட்டு அடுத்த துணிக்கட்டைப் பிரிக்கப் போய்விட்டாள்.

அவளுக்கும் ஒரு தடவை கணக்குத் தப்பியது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற முத்துலட்சுமி என்கிற பெண் புதிதாகச் சேர்ந்திருந்தாள். அதிர்ந்து பேசமாட்டாள். வேலை சுத்தமாக இருக்கும், ஆனால் மெதுவாக நடக்கும். மதினி இரண்டு மூன்று நாள் பார்த்துவிட்டு எல்லார் முன்னாலும் சொன்னாள்: “நீ மடிச்சு அனுப்புறதுக்குள்ள நோயாளிக்குப் புண்ணு ஆறிப்போயி வீட்டுக்குப் போயிருவான். உன்னால இது எங்க தாயி முடியும்?”

எல்லாரும் சிரித்தோம். இனிமேல் பார், அந்தக் கை பறக்கப் போகிறது என்று எங்களுக்குத் தெரியும், நாங்கள் எல்லாரும் அந்த வழியாக வந்தவர்கள்தானே. அந்தப் பெண் மதினியை நிமிர்ந்து பார்த்தாள்.

“ஆமாக்கா” என்றாள்.

மறுநாள் அவள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. “வருவா, ரோசப்பட்டு வருவா” என்று மதினி சொல்லிக்கொண்டே இருந்தாள். காலையில் பஸ் வருகிற நேரத்துக்கு அவள் கண் கேட்டுக்குப் போய்வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை, “வண்டிய எடு ஏட்டி, ஸ்ரீவில்லிபுத்தூர் வரைக்கும் போயிட்டு வருவோம்” என்றாள்.

போகிற வழியில் பஸ் ஸ்டாண்டில் நிறுத்தச் சொல்லி இறங்கிப் போனவள், ஒரு பெட்டிப் பால்கோவாவோடு வந்தாள். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு இராஜபாளையத்திலிருந்து பால்கோவா வாங்கிக்கொண்டு போன ஒரே ஆள் என் மதினியாகத்தான் இருக்கும். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எவ்வளவு பதற்றத்தில் இருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முத்துலட்சுமி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் எழுந்து முகம் மலர்ந்து, “வாங்கக்கா” என்று நாற்காலி எடுத்துப் போட்டாள். மதினி நின்றபடியே, “ஏன் வேலைக்கு வரல?” என்று கேட்டாள்.

“நீங்கதானக்கா முடியாதுன்னு சொன்னீங்க.”

“நான் சொன்னா? அதுக்கு?”

“உண்மையத்தானக்கா சொன்னீங்க. எனக்கும் தெரியும். எங்க வீட்லயும் அப்படித்தான் சொல்லுவாங்க.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் மதினி பிழைத்திருப்பாள். மருந்துக்கும் கோபம் இல்லை.  மதினி பால்கோவாப் பெட்டியை அவள் கையில் வைத்தாள். நாங்கள் கிளம்பிவிட்டோம். திரும்பி வரும்போது பின்னாலிருந்து என் தோளை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தப் புள்ள நான் சொன்னத நம்பிருச்சு ஏட்டி” என்றாள். 

அண்ணாச்சியைப் பற்றிச் சொல்லவில்லையே. நூல் மில்லில் பிட்டர். மதினி போட்ட போட்டுக்கு வேறு ஒரு ஆம்பளை என்றால் ஒன்று கோடீசுவரன் ஆகியிருப்பான், இல்லையென்றால் காசிக்கு ஓடியிருப்பான். இவர் இரண்டும் செய்யவில்லை. அவள் எது சொன்னாலும் “ஆமா, நீ சொல்றது சரிதான்” என்று பேப்பரைப் புரட்டுவார். அவர் முதுகெலும்பு பற்றித் தெருவில் பலருக்கும் சந்தேகம் இருந்தது. எனக்கும் இருந்தது.

ஒரு காலையில் ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியில் கிடந்து, கையில் மட்டும் கொஞ்சம் பிடி வந்ததும் வீட்டுக்கு வந்தார். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற டாக்டரம்மா மதினியைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இப்போது நடந்தால்தான் உண்டு, படுக்கையோடு விட்டுவிட்டால் கால் விறைத்துப்போகும், அப்புறம் நினைத்தாலும் முடியாது. நாலு காலுள்ள வாக்கர் ஒன்றும் வந்து சேர்ந்தது. அண்ணாச்சி அதைத் தொடவில்லை.

மதினி தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினாள். “உங்களால எங்க முடியும்? படுங்க. கடைசி வரைக்கும் நான் ஊட்டி விடுதேன்.”

“ஆமா” என்றார் அண்ணாச்சி.

மில்லில் அவரோடு வேலை பார்த்தவர் ஒருவர் இதே மாதிரி விழுந்து எழுந்து இப்போது சஞ்சீவி மலையடிவாரம் வரைக்கும் நடந்துபோய்வருவதைச் சொன்னாள். “ஆமா.” சொந்தத் தம்பி இவரைப் பற்றி என்ன சொன்னான் என்று இல்லாததை எல்லாம் சொன்னாள். “ஆமா.” கொஞ்ச நேரத்தில் அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். வாக்கர் கட்டிலோரத்தில் நின்றுகொண்டே இருந்தது. வாரம் போய்க்கொண்டே இருந்தது.

ஒரு மத்தியானம் மதினி என் வீட்டுக்கு வந்தாள். வந்ததும் கொடியில் கிடந்த சேலையை எடுத்தாள்.

“அவுகளப் பாத்தா அந்தப் புள்ள மூஞ்சி மாதிரியே இருக்கு ஏட்டி” என்றாள்.

முத்துலட்சுமியைத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது.

“அவுகளுக்கு ரோசமே கெடையாது. அதுனாலதான் இம்புட்டு வருசம் என்கூடக் குப்பை கொட்டுனாக. இப்ப எத வச்சு நான் எழுப்ப?”

“மாத்திச் சொல்லிப் பாருங்க மதினி. உங்களால முடியும்னு சொல்லுங்க.”

“அத எப்படி ஏட்டி வாயால சொல்ல?”

கேலிக்குக் கேட்கவில்லை. தெரியாமல்தான் கேட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். அப்போதும் அவள் கை என் சேலையை முனைக்கு முனை சேர்த்து மடித்துக்கொண்டிருந்தது. எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை.

மறுநாள் சாயங்காலம் என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு அண்ணாச்சியின் கட்டிலுக்கு முன்னால் போய் நின்றாள். தொண்டையைச் செருமினாள்.

“உங்களால முடியும்” என்றாள். ரயில்வே ஸ்டேஷனில் மைக்கில் சொல்வார்களே, அந்தக் குரல். அதற்கப்புறம் என்ன சொல்வது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். மேலே சொல்லுங்கள் என்று நான் கையைக் காட்டினேன். “நடங்க. நல்லா… நல்லா நடப்பீக.” அவர் தோளைத் தட்டலாமா என்று கையை நீட்டி, தட்டாமல், போர்வையைச் சரிசெய்தாள்.

சுவரைப் பார்த்துக் கிடந்த அண்ணாச்சி மெல்லத் திரும்பி அவளையே பார்த்தார். வாயின் ஒரு பக்கம் மேலே போனது. விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தோம்.

“என்ன சிரிப்பு?” என்றாள் மதினி.

“ஏட்டி… நீ செத்த நேரம்… உக்காரு.”

“நான் எதுக்கு உக்காரணும்? எனக்கு வேலை கெடக்கு.”

“உன்னால…” மூச்சு வாங்கிக்கொண்டார். “உன்னால எங்க முடியும்?”

 மதினிக்கு முகம் சிவந்துவிட்டது. “எனக்கா முடியாது?” என்று கேட்டபடி எதிர்ச் சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு டப்பென்று உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் உட்கார்ந்துவிட்டோம் என்பது அவளுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

“நான் அங்க வார வரைக்கும்… எந்திரிக்கப்படாது. வாயும் தொறக்கப்படாது.”

அவர் வாக்கரைப் பிடித்தார். எழுந்திருக்கவே வெகுநேரம் ஆனது. நான் பக்கத்தில் போய் நின்றேன், தொடவேண்டாம் என்று தலையாட்டினார். இடது காலை வைத்தார். வலது காலைத் தரையோடு இழுத்தார். வாக்கர் தரையில் கிறீச்சிட்டது. நான் அவரைப் பார்ப்பதா அவளைப் பார்ப்பதா என்று தவித்தேன். உண்மையில் கஷ்டப்பட்டது மதினிதான். நாற்காலிக் கையை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நடுவில் அவருக்கு ஒரு பக்கம் சாய்ந்தது. மதினி பாதி எழுந்துவிட்டாள். அண்ணாச்சி அங்கேயே நின்று அவளை முறைத்தார். அவள் மறுபடி உட்கார்ந்தாள். அந்த அறை ஒன்றும் பெரிய அறை இல்லை, கட்டிலுக்கும் அந்தச் சுவருக்கும் எவ்வளவு தூரம் இருந்துவிடப் போகிறது, ஆனாலும் அது முடிகிற வழியைக் காணோம்.

கடைசியில் வாக்கரின் முன்கால் அவள் நாற்காலியில் இடித்தது. அண்ணாச்சி வேர்த்து விறுவிறுத்து நின்றார். மதினி அவரைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள்.

“வேட்டி அவுறப் போவுது” என்றாள். “இழுத்துக் கட்டத் தெரியாதா?”

எழுந்து அவளே கட்டிவிட்டாள். கட்டி முடித்த பிறகும் முடிச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். பின் டயரில் காற்று கம்மியாக இருக்கிறது என்று அவள் சொன்னதன் அர்த்தம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. நான் புறவாசல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் சாயங்காலம் இந்தப் பந்தயம் நடந்தது. நாற்காலி அறையைவிட்டு நடைக்குப் போனது, நடையைவிட்டு வாசலுக்குப் போனது. மதினி வாசலில் சும்மா உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, அவளுக்குத்தான் உடம்பு சரியில்லை என்று தெருவில் சிலர் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு விசாரிக்க வந்தார்கள்.

அண்ணாச்சிக்குப் பேச்சு ஓரளவு திரும்பியதும் கேட்டேன். “அன்னிக்கு என்ன அண்ணாச்சி, திடீர்னு எந்திரிச்சிட்டீங்க?”

“அவ பயந்துட்டா. அவ பயந்து நான் பாத்ததே இல்ல. பாவமாப் போச்சு. சரி, ரெண்டு எட்டு வைப்போம்னு தோணுச்சு.”

“இத்தனை வருசம் ஏன் ஒரு தடவகூட அவங்களத் திருப்பிச் சொல்லல?”

“அடிக்கடி சொன்னாப் பழகிப்போகும்லா. வச்சிருந்தேன்” என்றார்.

இதெல்லாம் நடந்து சில வருசங்கள் ஆகிவிட்டன. வீட்டுக்காரர் பட்டாளத்திலிருந்து வந்ததும் நாங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு பார்த்து வந்துவிட்டோம். நான் இங்கே சொந்தமாகச் சின்னதாகப் பேக்கிங் வேலை எடுத்துச் செய்கிறேன். அதுவும் மதினி ஒரு நாள் ‘உனக்கு ஒருத்திகிட்டக் கை கட்டி நிக்கத்தான் தெரியும்’ என்று சொன்னதால் ஆரம்பித்ததுதான். தபாலில் டிகிரி வாங்கியதும் அப்படித்தான். வாங்கிய பிறகு ஒரு நாள்கூட அதை எடுத்துச் சந்தோஷமாகப் பார்க்கவில்லை. அடுத்தது என்ன என்று கால் பரபரத்ததுதான் மிச்சம்.

போன மாதம் ரத வீதியில் முத்துலட்சுமியைப் பார்த்தேன். வேலைக்கு எங்கும் போகவில்லையாம். “உங்க மதினி வந்திருந்தாங்கக்கா, தனியா பஸ்ல வந்தாங்க. ரொம்ப நேரம் உக்காந்து பேசிட்டுப் போனாங்க” என்றாள்.

“உக்காந்தா?” என்று கேட்டேன்.

“ஆமாக்கா. உக்காந்துதான்.”

அன்றைக்கே மதினிக்குப் போன் பண்ணினேன். அண்ணாச்சி கடைக்குப் போயிருக்கிறார் என்றாள், என்னமோ அதில் ஒன்றும் விசேஷம் இல்லாத மாதிரி. கொஞ்ச நேரம் பேசிவிட்டு, வேண்டுமென்றேதான், அந்த விஷயத்தை எடுத்தேன்.

“கார் ஓட்டப் பழகலாம்னு இருக்கேன் மதினி.”

சொல்லிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதைக் கேட்டதும் எனக்குள் என்ன எழும் என்பதும் தெரியும். நாளைக்கே டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்துவிடலாம்.

“உனக்கு வேணுமின்னா பழகு ஏட்டி” என்றாள் மதினி.

“அம்புட்டுதானா?”

“வேற என்ன? உனக்கு வேணும்னாப் பழகு. வேண்டாம்னா விடு.”

போனை வைத்துவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து நாலு கடை தள்ளித்தான் டிரைவிங் ஸ்கூல். தினமும் அதைத் தாண்டித்தான் போகிறேன், வருகிறேன். போர்டைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது. எனக்கு வேணுமா என்று நின்று யோசித்துப் பார்க்கிறேன், என்னால் சொல்ல முடியவில்லை. இன்னும் அங்கே சேரவில்லை.